மரணக் கதவின் சிற்பி: ஜாக்கொமோ மன்சூ

ரோமின் புனித பேதுரு பெருங்கோவிலுக்குள் முன்மண்டபத்திலிருந்து நுழைய ஐந்து வெண்கலக் கதவுகள் உள்ளன. நடுக்கதவு ஃபிலரேத்தே என்ற சிற்பி 1445இல் செய்து முடித்தது. பழைய கோவிலை இடித்தபோது பத்திரப்படுத்தி வைத்திருந்து புதியதில் பொருத்தினார்கள். மற்ற நான்கும் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் இடது ஓரத்தில் இருப்பதற்கு மரணக் கதவு என்று பெயர். திருத்தந்தையரின் இறுதி ஊர்வலம் வெளியே செல்லும் வழி என்பதால் அந்தப் பெயர் வந்தது. 1964 ஜூன் 28 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அதைத் திறந்து வைத்தார். அதைச் செய்த ஜாக்கொமோ மன்சூ பூசைக்குப் போகும் பழக்கத்தை எப்போதோ விட்டவர். அரசியலில் இடதுசாரி. 1965ஆம் ஆண்டுக்கான லெனின் அமைதிப் பரிசைச் சோவியத் ஒன்றியம் அவருக்கு அளித்தது.

கத்தோலிக்கத் திருச்சபையின் புகழ்பெற்ற கோவிலில், மரணத்தைப் பற்றிய கதவை, கம்யூனிஸ்டுகளின் நண்பர் ஒருவர் செய்தார் என்பதே ஒரு கதைக்குப் போதும். அவருக்கும் திருத்தந்தை இருபத்திமூன்றாம் யோவானுக்கும் இருந்த நட்பைச் சேர்த்துக்கொண்டால் கதை இன்னும் இனிக்கும். மன்சூவைப் பற்றி எழுதுகிற பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்த நட்பு உண்மை, அழகானதும்கூட. ஆனால் கதவின் முன் நிற்பவரைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கதை இல்லை. ஒரு புனிதரைப் புனிதர் என்று காட்ட மேற்கத்தியக் கலை ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த அடையாளங்களை மன்சூ பெரும்பாலும் கழற்றிவிட்டார். ஒளிவட்டம், மேகம், தூண் மண்டபம், வானத்தை நோக்கி உருளும் கண்கள் எல்லாம் போயின. மிஞ்சியவை ஓர் உடலும் அதன் பாரமும்தான். அந்தப் பாரத்தை வைத்தே சமயக் கலை செய்ய முடியும் என்று நம்பியதுதான் அவருடைய சாதனை என்று நான் நினைக்கிறேன். திருச்சபைக்கு வெளியே வளர்ந்த ஒருவருக்கு அது கைகூடியிருக்காது.

அவர் கோவிலுக்குள்ளேயே வளர்ந்தவர். 1908 டிசம்பர் 22 அன்று வட இத்தாலியின் பெர்காமோ நகரில் பிறந்தார். இயற்பெயர் ஜாக்கொமோ மன்சோனி. பதினான்கு பிள்ளைகளில் பன்னிரண்டாமவர். தந்தை செருப்புத் தைப்பவர். அத்துடன் கோவில்பிள்ளை வேலையும் பார்த்தார். பூசைக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதும், குருவின் உடுப்புகளை எடுத்து வைப்பதும், மணி அடிப்பதுமான வேலை. பீடத்தின் முன்பக்கத்தை மக்கள் பார்ப்பார்கள் என்றால் கோவில்பிள்ளையின் வீட்டுப் பிள்ளைகள் பின்பக்கத்தையும் பார்த்திருப்பார்கள். திருத்தந்தைக்கு அடுத்த நிலையில் இருக்கும் கர்தினால்களின் மேலங்கியை வெறும் துணியின் கனமாகவும் மடிப்பாகவும் பார்க்கிற கண் அவருக்கு அங்கேதான் வாய்த்திருக்க வேண்டும்.

பள்ளிப் படிப்பு சில ஆண்டுகளோடு நின்றது. பதினொரு வயது வாக்கில் மரச்சிற்பப் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு தங்கமுலாம் பூசுகிறவரிடமும் சுதைவேலை செய்கிறவரிடமும் எடுபிடியாக இருந்தார். பெர்காமோ பகுதி கோவில் மரவேலைக்குப் பேர்போனது. அங்கே ஃபான்தோனி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பிரசங்க மேடைகளும் பாவசங்கீர்த்தனத் தொட்டிகளும் செதுக்கி வந்தவர்கள். அந்தக் குடும்பத்தின் பெயர் தாங்கிய தொழிற்பள்ளியில்தான் மன்சூ மாலை வகுப்புகளுக்குப் போனார். கலைக்கல்லூரியில் ஒழுங்காகப் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. கையால் வேலை கற்று, கண்ணால் சிற்பம் கற்றவர்.

கண்ணால் கற்றதில் முக்கியமான பாடம் வெரோனாவில் கிடைத்தது. 1920களின் இறுதியில் ராணுவச் சேவைக்காக அந்த ஊரில் இருந்தபோது சான் ஸேனோ கோவிலின் கதவைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். மரப்பலகையின் மேல் ஆணியடித்துப் பொருத்திய 48 வெண்கலச் சதுரங்கள் கொண்ட இடைக்காலக் கதவு அது. உடற்கூறு தெரிந்த கை செய்தது என்று சொல்ல முடியாது. தலைகள் பெரியவை, கால்கள் குட்டை. பின்னணி பெரும்பாலும் வெறுமை. ஆனாலும் ஒவ்வொரு சதுரத்திலும் என்ன நடக்கிறது என்று எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும். முப்பதாண்டுகளுக்குப் பிறகு ரோமில் மன்சூ செய்த கதவுக்கு மூத்தவர் யார் என்று கேட்டால் பலரும் ஃப்ளாரன்ஸில் கிபெர்த்தி செய்த சொர்க்கக் கதவைச் சொல்வார்கள். நான் சான் ஸேனோவைத்தான் சொல்வேன்.

மிலானுக்கு வந்தபின் கட்டடக் கலைஞர் ஜொவான்னி மூஸியோ அவருக்குக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகச் சிற்றாலயத்தின் அலங்கார வேலையைக் கொடுத்தார். 1930களின் தொடக்கம் அது. பாரிஸ் போய் பிரெஞ்சுச் சிற்பி ரொதான் செய்தவற்றைப் பார்த்தார். மெழுகில் முகங்களைக் கரைய விடுவதுபோல் செய்த மெதார்தோ ரோஸ்ஸோ என்ற இத்தாலியரின் பாதிப்பும் அவரிடம் உண்டு.

1934இல் ரோமுக்குப் போனபோது புனித பேதுரு பெருங்கோவிலில் இரண்டு கர்தினால்களுக்கு நடுவே திருத்தந்தை அமர்ந்திருப்பதைப் பார்த்தார். அந்தக் காட்சி அவரை விடவில்லை. 1938இல் முதல் வெண்கலக் கர்தினால் பிறந்தது. அதன்பின் வாழ்நாள் முழுக்கக் கர்தினால்கள்தான்: உட்கார்ந்தவை, நிற்பவை, உள்ளங்கையில் அடங்குபவை, ஆள் உயரத்துக்கு மேற்பட்டவை. மொத்தம் முந்நூறுக்கு மேல் என்கிறார்கள். தலையில் கூம்புத் தொப்பி, தோளிலிருந்து தரைவரை ஒரே சரிவாக இறங்கும் மேலங்கி, அதற்குள் சிறிய மெலிந்த முகம். கை தெரிவதே அபூர்வம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கூம்பு மட்டுமே தெரியும். அருகே போனால் அதற்குள் ஒரு கிழவர் இருப்பது தெரியும்.

இவை திருச்சபை மீதான விமரிசனமா, வணக்கமா என்று நெடுநாள் வாதாடினார்கள். மன்சூ இரண்டையும் மறுத்தார். தன்னை இழுத்தது வடிவம் என்றே சொல்லி வந்தார். அவர் சொன்னதை நம்பலாம், ஆனால் முழுக்க நம்ப வேண்டியதில்லை. வடிவம் மட்டும்தான் என்றால் அந்த முகங்களுக்கு இவ்வளவு தனிமை தேவைப்பட்டிருக்காது. பதவி ஒரு மனிதரைச் சுற்றி எப்படிச் சுவராக எழும்புகிறது என்பதை அந்த உடை காட்டுகிறது. பழியும் புகழும் இல்லாமல் அதைக் காட்டியிருப்பதால்தான் விசுவாசிகளும் விசுவாசமற்றவர்களும் அதே சிலை முன் ஒரேபோல் நிற்க முடிகிறது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கடைசி இருபதாண்டுகளில் செய்த கர்தினால்களில் சந்தைக்காகத் திரும்பச் செய்தவை போன்ற சோர்வு தெரிகிறது.

அவரைச் சிக்கலில் மாட்டிவிட்டவை கர்தினால்கள் அல்ல. 1939இலிருந்து சிலுவைச் சாவையும் இறந்த உடலைச் சிலுவையிலிருந்து இறக்குவதையும் சிறு வெண்கலப் பலகைகளில் புடைப்புச் சிற்பமாகச் செய்யத் தொடங்கினார். ‘நம் மனித நிலையில் கிறிஸ்து’ என்பது அந்த வரிசையின் பெயர். அவற்றில் தொங்குகிற கிறிஸ்துவுக்கு எதிரே தொந்தி சரிந்த நிர்வாண ஆள் ஒருவன் நிற்கிறான். அவன் உடம்பில் இருப்பது ஜெர்மன் படையை நினைவூட்டும் பிரஷ்யத் தலைக்கவசம் மட்டும். ஐரோப்பா முழுக்க ஹிட்லரின் படைகள் நின்ற காலம். இத்தாலியை ஆண்டவர் முசோலினி. தலைக்கவசத்தின் பொருள் யாருக்கும் விளங்காமல் இல்லை. மிலானில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது ஃபாசிஸ்டுகளுக்குக் கோபம், திருச்சபை வட்டாரத்துக்கும் கோபம். கிறிஸ்துவைக் கொன்றவர்களை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னாலேயே விட்டுவைக்காமல் தம் காலத்துத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார் என்பதே குற்றம்.

இருந்தும் அவர் பெயர் வளர்ந்தது. 1941 முதல் மிலானின் பிரேரா கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். 1948இல் பியன்னாலே என்ற வெனிஸ் கலைக் கண்காட்சியில் சிற்பத்துக்கான பரிசு கிடைத்தது.

புனித பேதுரு பெருங்கோவில் கதவின் கதை ஓர் உயிலில் தொடங்குகிறது. பவேரிய அரச குடும்பத்தில் பிறந்து, குருவாகி, அந்தக் கோவிலின் குருக்கள் குழுவில் கனோனாகப் பணியாற்றிய இளவரசர் கெயோர்க் 1943இல் இறந்தார். புதிய கதவுகளுக்கென்று பணம் எழுதி வைத்திருந்தார். 1947இல் போட்டி அறிவித்தார்கள். பல சுற்றுகள் தாண்டி மன்சூவோடு 1952இல் ஒப்பந்தம் ஆனது. தரப்பட்ட பொருள் திருச்சபையின் புனிதர்களும் மறைச்சாட்சிகளும் அடைந்த மகிமை.

அந்த வேலை அவருக்கு ஓடவில்லை. வரிசை வரிசையாகப் புனிதர்களின் வெற்றியைச் செய்ய அவர் கை மறுத்தது. ஆண்டுகள் போயின. இடையில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரத்தில், ஓவியர் ஒஸ்கார் கொகோஷ்கா தொடங்கிய கோடைக்காலக் கலைப்பள்ளியில் 1954 முதல் கற்பித்தார். குண்டுவீச்சில் குவிமாடம் இடிந்துபோன சால்ஸ்பர்க் பேராலயத்தைச் சீரமைத்தபோது விசுவாசம், அன்பு, நம்பிக்கை என்று மூன்று கதவுகள் வைத்தார்கள். அவற்றில் அன்பின் கதவு மன்சூவுடையது, 1958இல் முடிந்தது. இங்கே அவர் எல்லா நெரிசலையும் விலக்கி, வெறும் வெண்கல வெளியில் ஓரிரு உருவங்களை மட்டும் விட்டுப் பழகிக்கொண்டார். இன்ஙே ஷாபெல் என்ற நடனக் கலைஞரைச் சந்தித்ததும் சால்ஸ்பர்க்கில்தான். முதலில் அவர் சிற்பங்களுக்கு மாதிரியாக நின்றார், பிறகு வாழ்க்கைத் துணையானார்.

ரோமில் முடிச்சை அவிழ்த்தவர் ஒரு குரு. தொன் ஜுசெப்பே தெ லூக்கா ஆழ்ந்த அறிஞர். பக்தி இலக்கிய வரலாற்றில் மூழ்கியவர், திருச்சபைக்கு வெளியே இருந்த எழுத்தாளர்களோடும் கலைஞர்களோடும் தயக்கமின்றிப் பழகியவர். புனிதர்களின் மகிமையை விட்டு மரணத்தையே பொருளாக எடுத்துக்கொள்ள மன்சூவுக்குத் துணை நின்றவர் அவரே. 1958இல் திருத்தந்தையாகத் தேர்வான இருபத்திமூன்றாம் யோவானிடம் சிற்பியைக் கொண்டுசேர்த்தவரும் அவரே.

ஆஞ்ஜெலோ ரொங்காலி என்ற அந்தத் திருத்தந்தையும் பெர்காமோ மாவட்டத்துக்காரர். சோத்தோ இல் மோன்தே என்ற கிராமத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். செருப்புத் தைப்பவரின் மகனும் குத்தகை விவசாயியின் மகனும் வத்திக்கான் மாளிகையில் எதிரெதிரே உட்கார்ந்து ஊர்க் கதை பேசியிருக்கிறார்கள். தலைச்சிலை செய்வதற்கான அந்த அமர்வுகள் பலமுறை நடந்தன. செய்ததில் திருப்தி இல்லாமல் மன்சூ சிலவற்றைத் தாமே அழித்து மறுபடி தொடங்கினார். மன்சூவை மனம் மாற்ற யோவான் முயன்றதாகத் தெரியவில்லை. கதவின் பொருளை மாற்ற அவருடைய ஆதரவு கிடைத்தது. வேலை வேகம் பிடித்தது. 1962 மார்ச்சில் தெ லூக்கா இறந்தார். அதற்கு முன் திருத்தந்தையே மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்தார். 1963 ஜூன் 3 அன்று யோவானும் போய்ச் சேர்ந்தார். அந்த இரவில் மன்சூவை அழைத்தார்கள். இறந்த முகத்தின் அச்சையும் கையின் அச்சையும் எடுத்தார்.

இனிக் கதவு. மேலே இரண்டு பெரிய பலகைகள்: இடதில் மரியாளின் மரணம், வலதில் சிலுவையிலிருந்து இறக்கப்படும் கிறிஸ்து. அவற்றின் கீழே, கைப்பிடி உயரத்தில், வெட்டிய திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிரும். நற்கருணையின் அப்பமும் இரசமும் அறுவடையில் தொடங்குகின்றன என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லிவிடுகிறார். செடியும் சாகத்தான் வேண்டியிருக்கிறது. அதற்கும் கீழே எட்டுச் சிறு பலகைகள். காயின் கையால் சாகும் ஆபேல், சூசையப்பர், கல்லெறிந்து கொல்லப்படும் முதல் மறைச்சாட்சி ஸ்தேவான், 1085இல் சலேர்னோவில் நாடுகடந்த நிலையில் இறந்த திருத்தந்தை ஏழாம் கிரகோரி ஆகியோரின் சாவுகள் நான்கு. பெயரிட்ட ஐந்தாவது மரணம் யோவானுடையது. மிஞ்சிய மூன்றுக்கு உரியவர்களுக்குப் பெயரே இல்லை: வன்முறையால் மரணம், விண்வெளியில் மரணம், பூமியில் மரணம்.

பெயரற்ற இந்த மூன்றில்தான் மன்சூ முழுமையாக வெளிப்படுகிறார். வன்முறைப் பலகையில் கட்டித் தொங்கவிடப்பட்ட ஒருவன். பார்த்து நிற்கும் ஒரு பெண். நாஜிகளை எதிர்த்துப் போராடிய கொரில்லாக்களை வட இத்தாலியின் ஊர்ச் சதுக்கங்களில் தொங்கவிட்டதைக் கண்ட தலைமுறைக்கு அவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. விண்வெளியில் மரணம் விண்வெளிப் பயணம் தொடங்கிய காலத்துக்கு உரியது: பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் ஒரு மனிதன் அந்தரத்தில் சாகிறான். பூமியில் மரணத்தில் இருப்பவை ஒரு பெண், ஒரு நாற்காலி, ஒரு குழந்தை. பெண் நாற்காலியிலிருந்து சரிகிறாள். குழந்தை பார்த்து அழுகிறது. வீட்டுக்குள் நிகழும் சாவு. குரு இல்லை, சிலுவை இல்லை, தேவதூதர் இல்லை. உலகின் மிகப்பெரிய கோவில்களில் ஒன்றின் வாசலில், மறைச்சாட்சிகளுக்குச் சமமான அளவில், ஒரு சாதாரணத் தாய்க்கு ஒரு பலகை கிடைத்திருக்கிறது. கதவு முழுவதிலும் எனக்கு உயர்ந்ததாகப் படுவது இதுதான்.

யோவானின் பலகையில் அவர் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருக்கிறார். படுக்கை இல்லை, சுற்றி நிற்கும் கூட்டம் இல்லை. முந்நூறு கர்தினால்களைக் கூம்பாக்கிய அதே மேலங்கி இங்கே வேறாகிவிடுகிறது. முதுகு வளைந்திருப்பதால் துணி சுவராக நிற்கவில்லை, கிழவரோடு சேர்ந்து இறங்குகிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஆறு உயிர்கள்: கருங்குருவி, குளிர்காலமெல்லாம் உறங்கும் ஒருவகை எலி, முள்ளெலி, ஆந்தை, பாம்போடு ஓர் ஆமை, காகம். இவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பொருள் சொல்கிறவர்கள் உண்டு. மனிதச் சாவின் வரிசையில் விலங்குகளையும் அவர் விட்டுவிடவில்லை என்று எடுத்துக்கொள்வது எனக்குப் போதுமாக இருக்கிறது.

இவ்வளவும் எப்படிச் சாத்தியமாகிறது என்பதற்கு வேலைமுறையைப் பார்க்க வேண்டும். கிபெர்த்தியின் கதவில் ஒவ்வொரு பலகையும் ஒரு சாளரம். முன்னால் நிற்பவர் கிட்டத்தட்ட முழுச்சிலை. அவருக்குப் பின்னால் கட்டடங்கள், மரங்கள், குன்றுகள் என்று ஆழம் போய்க்கொண்டே இருக்கும். மன்சூ அந்தச் சாளரத்தை மூடிவிட்டார். பின்னணி ஒரு சுவர், அவ்வளவுதான். பழைய ஃப்ளாரன்ஸ் சிற்பி தொனாத்தெல்லோ கையாண்ட தட்டைப் புடைப்பு முறையை எடுத்துக்கொண்டு, உடலின் பெரும்பகுதியைத் தளத்தோடு படிய விடுகிறார். சில இடங்களில் கூரிய கருவியால் கீறிய கோடு மட்டும் உண்டு; புடைப்பே இல்லை. திடீரென்று ஒரு தோள், ஒரு முழங்கால், தொங்கும் தலை மட்டும் வெளியே தள்ளி நிற்கும். வெளிச்சம் அங்கே போய்த்தான் விழும். கனம் எங்கே இருக்கிறதோ அங்கே கண் போகும்படி செய்கிற உத்தி இது. சுவாமிமலையில் செய்வதுபோலவே இதுவும் மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றும் வார்ப்புதான் என்பதால், மென்மையான பொருளில் விரலும் கத்தியும் விட்ட தடம் அப்படியே வெண்கலத்துக்கு வந்துவிடுகிறது. மன்சூ அந்தத் தடங்களைத் தேய்த்து மழுப்பவில்லை. அதனால் செதுக்கி முடித்த கதவாக இல்லாமல், வேகமாக வரைந்த கோட்டோவியம் உலோகமானதுபோல் இருக்கிறது.

கதவின் உட்பக்கத்தைப் பார்க்காமல் போகிறவர்கள் அதிகம். அங்கே 1962 அக்டோபர் 11 அன்று தொடங்கிய, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் காட்சி குறுக்குப் பட்டையாக ஓடுகிறது. தான்சானியாவின் லவ்ரியன் ருகம்ப்வாவை யோவான் வரவேற்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து நவீன காலத்தில் கர்தினாலான முதல் கறுப்பினத்தவர் அவர். 1960இல் அந்த நிலைக்கு உயர்த்தியவரும் யோவானே. தெ லூக்காவுக்குக் காணிக்கை என்ற குறிப்பும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் மன்சூ தம் கையைப் பதித்திருக்கிறார்.

அவர் நம்பிக்கை இல்லாதவரா, நம்ப முடியாமல் ஏங்கியவரா என்று இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியால் சிற்பம் கூடுதலாகத் திறப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விசுவாசம் உள்ளவர்கள் செய்த உயிரற்ற சுரூபங்கள் உலகமெங்கும் கோவில்களில் நிரம்பிக் கிடக்கின்றன. சர்க்கரைப் புன்னகையோடு, ஒரே அச்சில் வார்த்தவை. மன்சூவிடம் இருந்தது சாகிற மனிதரின் மீது விலகாத கவனம். கிறிஸ்தவம் தன் நடுவில் ஒரு சாவை வைத்திருக்கும் மதம். அந்தச் சாவை அழகுபடுத்தாமல் பார்க்கத் துணிந்தவரின் கையில் வேலை சரியாக வந்ததில் வியப்பில்லை. அவரைத் தேர்ந்தவர்கள் அதைப் புரிந்துகொண்டது திருச்சபையின் பெருமைக்குரிய கணங்களில் ஒன்று.

மூன்றாவது பெரிய கதவு நெதர்லாந்தில் இருக்கிறது. 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் ரோட்டர்டாம் நகரின் நடுப்பகுதியை அழித்தபோது புனித லாரன்ஸ் கோவிலும் எரிந்தது. மீண்டும் கட்டிய அந்தப் புராட்டஸ்டன்ட் கோவிலுக்குப் போரும் அமைதியும் என்ற கதவை மன்சூ 1968இல் முடித்துக் கொடுத்தார். மரணக் கதவின் அடர்த்தி இதில் இல்லை. பலகைகளாகப் பிரிக்காமல் முழுக் கதவையும் ஒரே வெளியாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அதில் ஒரு துணிவு இருக்கிறது. மறு ஆண்டே அவருடைய மகன் பியோ, ஃபியட் 127 காரை வடிவமைத்த இளைஞர், முப்பது வயதில் கார் விபத்தில் இறந்தார்.

1960களின் நடுவிலிருந்து மன்சூ ரோமுக்குத் தெற்கே அர்தேயா பக்கம் குடியேறி வேலை செய்தார். இன்ஙேவோடு பிறந்த ஜூலியா, மிலேத்தோ என்ற பிள்ளைகள் வண்டியில் விளையாடும் சிற்பங்கள் அந்தக் காலத்தவை. சாவின் சிற்பி என்ற பெயரோடு அவரை அடைத்துவிட முடியாது என்பதற்கு அவை போதும். 1977இல் சொந்த ஊரான பெர்காமோவுக்குக் கொரில்லா வீரர் நினைவுச்சின்னம் செய்து தந்தார். தலைகீழாகத் தொங்கும் அந்த உடல் மரணக் கதவின் வன்முறைப் பலகையை நேரே நினைவூட்டும். 1991 ஜனவரி 17 அன்று காலமானார்.

அர்தேயாவில் 1969இல் திறந்த அவருடைய சேகரிப்பை 1979இல் இத்தாலிய அரசுக்கே கொடுத்துவிட்டார். இப்போது அது அரசு அருங்காட்சியகம். கர்தினால்கள், நடனப் பெண்கள், வரைபடங்கள், பதக்கங்கள், நகைகள், கதவுகளுக்கான வரைவுகள் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. ரோமுக்குப் போகிறவர்கள் வத்திக்கானோடு திரும்பிவிடாமல் ஒரு நாளை அங்கேயும் கழிக்கலாம். புனிதர்களின் மகிமை என்று தொடங்கிய வேலை, நாற்காலியிலிருந்து சரியும் ஒரு பெண் வரை எப்படி வந்தது என்பதை அந்த வரைவுகளில் படிப்படியாகப் பார்க்க முடியும்.